கரிச்சானும் நாணல் பன்றியும்

புல்வெளிக்கு நெருப்பு வைத்தால் முதலில் வந்து சேர்வது கரிச்சான்தான். கல்யாணத்துக்கு அழைக்காமலே வந்து முதல் பந்தியில் உட்காரும் ஆளைப் போல, புகை கிளம்பிய மறுகணம் எங்கிருந்தோ வந்துவிடும். தீக்கு முன்னால் உயிர் தப்பிப் பறக்கிற வெட்டுக்கிளியை அந்தரத்திலேயே கவ்விக்கொண்டு, பிளந்த வாலை ஒரு வெட்டு வெட்டித் திரும்பி, மறுபடியும் புகைக்குள் பாயும். அஸ்ஸாமில் மானஸ் காட்டுக்குத் தெற்கே உள்ள போடோ ஊர்களில் கரிச்சானைப் பார்க்காத நாளே கிடையாது. எருமை முதுகில் அது, மின்கம்பியில் அது, மூங்கில் வேலியில் அது. பருந்தையே துரத்துகிற ஜாதி. அதற்கு எண்ணிக்கையும் குறையவில்லை, கொழுப்பும் குறையவில்லை.

நாணல் பன்றி கதை வேறு. தரையிலிருந்து ஒரு சாணுக்குச் சற்று மேல் நிற்கும், அவ்வளவுதான். ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு வளர்ந்த புல்லுக்குள்ளேயே பிறந்து, அதற்குள்ளேயே மேய்ந்து, அதற்குள்ளேயே செத்தும் போகும். இந்தப் பக்கத்துப் புல்வெளிகளை விட்டால் உலகத்தில் வேறு எங்கும் அது இல்லை என்கிறார்கள். இங்கேயும் ஊரில் பாதிப் பேர் அதைக் கண்ணால் கண்டதில்லை. சத்தம் கேட்டால் மான் ஓடும், முயல் ஓடும், காட்டுக்கோழி பறக்கும். இது ஓடாது. குழி பறித்து, மேலே புல்லை வளைத்து மூடிய தன் படுக்கைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். நெருப்பு வந்தாலும் அதற்கு அதே புத்திதான். எரிந்து முடிந்த வெளியில் நடக்கும்போது, கரியான படுக்கைக்குள் சுருண்டு கிடப்பதைச் சிலர் பார்த்திருக்கிறார்கள். பார்த்தவர்கள் அதைப் பற்றி அதிகம் பேசமாட்டார்கள்.

ரங்ஜாலிக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் சான்ஸ்ரீயைக் கரிச்சான் என்றும், இளையவள் பிபாரை நாணல் பன்றி என்றும் அவளே பெயர் வைத்துக் கூப்பிடுவாள். பெயர் பொருந்தித்தான் இருந்தது. சான்ஸ்ரீக்கு வாய் ஓயாது. அடிக்கக் கை ஓங்கினால் எதிர்த்து நாலு வார்த்தை பேசிவிட்டு வேலியைத் தாண்டி ஓடிவிடுவாள். பிபார் ஆறு வயதுக்காரி. யாராவது குரலை உயர்த்தினால் போதும், நெல் குதிருக்குப் பின்னாலோ தறிக்கு அடியிலோ போய்ச் சுருண்டுகொள்வாள். அப்புறம் ஊரே கூப்பிட்டாலும் வரமாட்டாள்.

"எதுக்குடி இப்படி ஒளியறே? உங்க அக்காளைப் பாரு" என்பது ரங்ஜாலி வாயில் தினமும் வருகிற பாட்டு. அவள் கெட்டவள் இல்லை. குரல் மட்டும் பெரிய குரல். ஆற்றின் இந்தக் கரையில் நின்று அந்தக் கரையில் இருக்கிற எருமையைத் திட்டித் திருப்புகிறவள் என்று புருஷன் பிலிபாங்கே கேலி செய்வான்.

மாசி பிறந்தபின் ஒருநாள் ஊர்ப் புல்வெளியைக் கொளுத்துவது என்று முடிவாயிற்று. கூரைக்கு வேண்டிய புல்லை எல்லோரும் அறுத்துக் கட்டி ஏற்றியாகிவிட்டது. மிச்சத்தை எரித்தால்தான் மழைக்கு இளம்புல் வரும், மாடுகளுக்கு ஆகும். மேற்கிலும் வடக்கிலும் தெற்கிலும் நெருப்பு வைப்பார்கள். கிழக்கே ஆற்றுப்பக்கம் மட்டும் வாயைத் திறந்தாற்போல் விட்டுவைப்பார்கள்.

வைப்பதற்கு முன்னால் இரண்டு காரியம் உண்டு. ஒன்று, புல் ஓரத்தில் ஒரு கலயம் அரிசிக்கள்ளை ஊற்றி பாத்தௌ சாமியிடம் மன்னிப்புக் கேட்பது. இன்னொன்று, எல்லோரும் தகரத்தைத் தட்டிக்கொண்டு, "போறவங்க போங்க, நெருப்பு வருது!" என்று மூன்று தரம் கத்துவது. உள்ளே இருக்கிற உயிரெல்லாம் அந்தச் சத்தத்துக்கு வெளியே வந்துவிட வேண்டும். அதற்கப்புறம் புல் அசையவில்லை என்றால் உள்ளே யாரும் இல்லை என்று கணக்கு. அதன்பின் நெருப்பு வைத்தவன் கையில் பாவம் ஒட்டாது. முப்பாட்டன் காலத்து வழக்கம். யாரும் கேள்வி கேட்டதில்லை.

அன்று கள்ளுக் கலயத்தைத் தூக்கி வந்தவள் பிபார். அவளாகத்தான் கேட்டு வாங்கிக்கொண்டாள். இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, அடி அடியாக நடந்து வந்தாள். புல் ஓரத்துக்கு வந்துவிட்டாள் என்கிற நேரத்தில், வேலிக்கம்பில் இருந்த கரிச்சான் ஒன்று எதைக் கண்டதோ, அவள் தலைக்கு மேல் உரசினாற்போல் பாய்ந்தது. பிபார் குனிந்தாள். கலயம் விழுந்து உடைந்தது. கள் முழுக்க மண்ணுக்குள் போயிற்று.

பூசை செய்ய வந்த தொபோராம் பெரியப்பா உதட்டைப் பிதுக்கினார். அதுதான் ரங்ஜாலிக்குப் பொறுக்கவில்லை.

"விளங்குமா இந்தக் குடும்பம்!" என்று ஆரம்பித்தாள். "ஒரு கலயத்தைத் தூக்கத் துப்பில்ல. சாமிக்கு வெச்சதைக் கொட்டிட்டியே, இனி என்ன கேடு வரப்போகுதோ! ஒரு குருவிக்குப் பயந்து குனியறா பாரு. நீயெல்லாம் என் வயித்துல ஏன் வந்து பொறந்தே?"

சான்ஸ்ரீ களுக்கென்று சிரித்தாள். கூட நின்ற சில பேரும் சிரித்தார்கள். பிபார் உடைந்த ஓட்டைப் பார்த்தபடி நின்றாள். அழக்கூட இல்லை.

"விடு ரங்ஜாலி, எங்க வீட்டுல ஒரு கலயம் இருக்கு, கொண்டாரேன்" என்று பக்கத்து வீட்டு ஜமுனி அக்கா ஓடினாள். அவள் கொண்டுவந்தாள், பெரியப்பா ஊற்றினார், மன்னிப்புக் கேட்டார். பிலிபாங்கும் மற்ற ஆண்களும் பந்தத்தை எடுத்துக்கொண்டு மேற்கே போனார்கள். பெண்கள் ஆற்றோரம் போய் வரிசையாக நின்று தகரத்தைத் தட்டினார்கள். மூன்று தரம் கத்தினார்கள். எல்லோரையும்விட ரங்ஜாலியின் குரல்தான் மேலே கேட்டது. ஒரு முயல் வந்தது. இரண்டு காட்டுக்கோழி எழும்பிப் பறந்தன. ஒரு பாம்பு மணலில் இறங்கி நெளிந்து போயிற்று. பிறகு புல் அசையவில்லை. பெரியப்பா துண்டை உயர்த்தி ஆட்டினார்.

மேற்கே புகை எழுந்தது. கரிச்சான்கள் வந்துவிட்டன.

காற்று மேற்கிலிருந்து அடித்தது. புல் நன்றாகக் காய்ந்திருந்ததால் தீ சோம்பல் காட்டவில்லை. வெற்றிலையை மடித்து வாயில் போடப்போன ரங்ஜாலி, எதற்கோ திரும்பி, "பிபார் எங்கடி?" என்றாள் மூத்தவளிடம்.

சான்ஸ்ரீ திருதிருவென்று விழித்தாள்.

"உன்னைத்தான் கேக்கறேன். வீட்டுக்குப் போயிட்டாளா?"

"இல்ல... புல்லுக்குள்ள போனா."

"என்னது?"

"நீ திட்டினல்ல, அப்ப. மெதுவா உள்ள போயிட்டா. தகரம் அடிச்சா வெளிய வந்துடுவான்னு நெனச்சேன்மா. எல்லாம் வந்துடும்ல?"

ரங்ஜாலிக்குக் காது அடைத்துக்கொண்டது. கையிலிருந்த வெற்றிலை எப்போது விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. அடுத்த கணம் அவள் புல்லுக்குள் இருந்தாள்.

"பிபார்! ஏ பிபார்!"

பின்னால் பெண்களுக்கு விஷயம் புரிந்து, கூச்சல் எழுந்தது. இருக்கிற தகரத்தையெல்லாம் எடுத்து அடித்தார்கள். ஆளுக்கு ஆள் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். யாரோ ஒருத்தி, நெருப்பை அணைக்கச் சொல்ல ஆண்களிடம் ஓடினாள். காற்று பிடித்த நெருப்பை யார் அணைப்பது? ஓடியவளுக்கும் அது தெரியும். சும்மா நிற்க முடியாமல் ஓடினாள்.

புல்லுக்குள் போனால் திசை தெரியாது. நாலு பக்கமும் மஞ்சள் சுவர், மேலே ஒரு துண்டு வானம். ரங்ஜாலி இரண்டு கையாலும் புல்லை விலக்கிக்கொண்டு, முகமெல்லாம் அறுபட, கத்தியபடி போனாள். "வாடி வெளிய! நெருப்பு வருதுடி! பிபார்!" இந்தப் பக்கம் ஓடினாள், அந்தப் பக்கம் ஓடினாள். எங்கேயும் பதில் இல்லை. ஒரு முனகல்கூட இல்லை. செத்துக்கித்துப் போய்விட்டாளோ என்று ஒரு நினைப்பு வந்தது. அதை அவள் மனத்துக்குள்ளேயே அறைந்து விரட்டினாள்.

பிறகுதான் அந்த எண்ணம் வந்தது. வந்தபோது கால் அப்படியே நின்றுவிட்டது. கத்தினால் இவள் என்றைக்கு வெளியே வந்திருக்கிறாள்? குதிருக்குப் பின்னால் ஒளிந்தவளைக் கூப்பிடக் கூப்பிட அவள் இன்னும் உள்ளேதானே போவாள்? இப்போது ஊரே சேர்ந்து கத்துகிறது. தகரத்தையும் தட்டுகிறது. அந்தப் பிள்ளை எங்கேயோ மண்ணோடு மண்ணாகப் படுத்திருக்கும்.

"நிறுத்துங்க!" என்று ஆற்றுப்பக்கம் திரும்பி அலறினாள். "ஜமுனிக்கா, கத்தாதீங்க! தகரத்தை நிறுத்தச் சொல்லுங்க!"

"பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு? கூப்பிடாம எப்படிடி வருவா?"

"என் புள்ளயை எனக்குத் தெரியும்! நிறுத்துங்கக்கா, உங்களுக்குக் கோடி புண்ணியம்!"

தகரச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கிற்று. அடங்கிய பிறகுதான் இன்னொரு சத்தம் கேட்டது. அதுவரை அது கூச்சலில் மறைந்திருந்தது. பச்சை மூங்கில் வெடிப்பதுபோலப் படபடவென்று, இடைவிடாமல், மேற்கு முழுவதும். இவ்வளவு கிட்டவா வந்துவிட்டது! திரும்பி ஆற்றுக்கே ஓடிவிடு என்று கால் சொல்லிற்று. அப்படிச் சொன்ன காலை அவள் வெறுத்தாள்.

அண்ணாந்து பார்த்தாள். துண்டு வானத்தில் கரிச்சான்கள் சுற்றின. அவை எங்கே பாய்கின்றனவோ அங்கே தீயின் முன்வரிசை. மேற்கே நிறைய. தெற்கே சில. இன்னும் தலைக்கு நேர் மேலே வரவில்லை. எந்நாளும் திட்டித் துரத்துகிற அந்தப் பறவைகளை நம்பித்தான் இனி நிற்கவேண்டும்.

குனிந்தாள். நின்றுகொண்டு பார்த்தால் சுவராகத் தெரிந்த புல்லுக்குள், தரையோடு தரையாக ஒரு வழி தெரிந்தது. பூனை போகிற அகலம். ஈர மண்ணில் இரண்டு புளியங்கொட்டையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அழுத்தினாற்போல் குளம்புத் தடங்கள், வரிசையாக. புல் அறுக்கும்போது இந்தத் தடத்தை அவள் பார்த்திருக்கிறாள், பிபாருக்கும் காட்டியிருக்கிறாள். "இதுதான்டி உன் சொந்தக்காரன் வீட்டு வழி" என்று சொல்லிச் சிரித்திருக்கிறாள். ஒரு தடத்தின் மேல் ஒரு சின்னப் பாதம் பதிந்திருந்தது. ஐந்து விரலும் தெளிவாக.

ரங்ஜாலி கைகளை ஊன்றி, மண்டியிட்டு, அந்த வழிக்குள் நுழைந்தாள். வாயைத் திறக்கவில்லை. மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விடப் பார்த்தாள், முடியவில்லை. முதுகில் புல் உரசிற்று. புகை தரையோடு தவழ்ந்து வந்து கண்ணைக் கரித்தது. வெட்டுக்கிளிகள் மேலே விழத் தொடங்கின, தலையில், கழுத்தில், ரவிக்கைக்குள். அவை தப்பி வருகின்றன என்றால் தீ அவற்றுக்குப் பின்னாலேயே இருக்கிறது. ஒரு கரிச்சான் முதுகுக்குச் சற்று மேலாகப் பாய்ந்து ஒன்றைக் கவ்வியது. அதன் அலகு மூடிய சத்தம்கூட அவளுக்குக் கேட்டது.

வழி சற்று மேடேறியது. அங்கே வைக்கோல் போரைப் பிடித்து அழுத்தினாற்போல ஒரு சின்னக் குவியல். அதன் பக்கத்தில், வயிற்றைத் தரையோடு ஒட்டி, முகத்தைக் குவியலுக்குள் புதைத்து, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு ஒரு மஞ்சள் சட்டை.

பெயரைச் சொல்லி வந்த அலறலை ரங்ஜாலி பல்லைக் கடித்து விழுங்கினாள். கையை நீட்டி அந்த முதுகின் மேல் வைத்தாள். முதுகு விறைத்தது. மெதுவாகத் தடவினாள். விறைப்பு கொஞ்சம் தளர்ந்தது. பிபார் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். முகம் முழுக்கச் சாம்பல். கண் இரண்டும் பெரிதாக இருந்தன.

"வா" என்றாள் ரங்ஜாலி. காற்று மாதிரிதான் வந்தது அந்த வார்த்தை.

"உள்ள இருக்கும்மா" என்று பிபாரும் கிசுகிசுத்தாள். "குட்டி போட்டிருக்கு. நடுங்குது."

குவியலுக்குள் ஒரு செருமல் கேட்டது. ரங்ஜாலி எப்போதும் இடுப்பில் செருகியிருக்கும் அரிவாளின் முனையால் புல்லை ஒரு இழுப்பு இழுத்தாள். ஒரு கரிய மூக்கு, ஒரு சின்னக் கண். வெளியே வரும் என்று ஒரு கணம் பார்த்தாள். அது பின்வாங்கிக் குழிக்குள் இன்னும் ஆழமாகப் போய், தன் குட்டிகளின் மேல் படுத்தது. அதற்குமேல் அவளிடம் நேரம் இல்லை. பிள்ளையை வாரி நெஞ்சோடு அணைத்தாள். "அதையும் கூட்டிட்டு வாம்மா, அதையும்" என்று பிபார் காதருகே விம்மினாள். ரங்ஜாலி எழுந்து நின்று வானத்தைப் பார்த்தாள்.

கரிச்சான்கள் இப்போது தலைக்கு மேலே இருந்தன. தெற்கேயும் இருந்தன. வடகிழக்கே மட்டும் ஒன்றுகூட இல்லை. அந்த வெறும் வானத்தைப் பார்த்து ஓடினாள். பின்கழுத்தில் அனல் அடித்தது. கூந்தல் கருகும் வாடை வந்தது, தன்னுடையதா பிள்ளையுடையதா என்று தெரியவில்லை. ஒருமுறை தடுக்கி விழுந்தாள். விழும்போது முழங்கையை ஊன்றிப் பிள்ளை அடிபடாமல் பார்த்துக்கொண்டாள். எழுந்து மறுபடி ஓடினாள். புல் சட்டென்று முடிந்து, கால் மணலில் புதைந்து, தண்ணீர் முழங்காலுக்கு வந்தபோதுதான் நின்றாள்.

மேற்கிலிருந்து புல்வெளியைச் சுற்றி ஓடிவந்த பிலிபாங் தண்ணீருக்குள் விழுந்தடித்து வந்து இருவரையும் பிடித்துக்கொண்டான். அவன் கையில் பந்தத்தின் மண்ணெண்ணெய் நாற்றம் இன்னும் போகவில்லை. "நான்தான்டி வெச்சேன், என் கையால நான்தான் வெச்சேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். தொபோராம் பெரியப்பா கரையில் உட்கார்ந்து தலையைக் கையால் தாங்கியிருந்தார். அவர்களுக்குப் பின்னால் மேடு எரிந்தது. அந்தப் பக்கத்திலிருந்து எதுவும் ஓடி வரவில்லை.

பொழுது சாயும்போது வீட்டில் எல்லோரும் அடுப்படியில் இருந்தார்கள். சான்ஸ்ரீ தூணோரம் வாயடைத்து உட்கார்ந்திருந்தாள். பிபாரைக் குளிப்பாட்டி, கால் கொப்புளத்துக்கு எண்ணெய் தடவி, பன்றிக்கறிக் குழம்பில் சோற்றைப் பிசைந்து ஊட்டினாள் ரங்ஜாலி. பிள்ளை கறியை ஒதுக்கிவிட்டு வெறும் சோற்றை மட்டும் தின்றாள். ரங்ஜாலி வற்புறுத்தவில்லை. மனத்தில் ஒரு கேள்வி முள்ளாகக் கிடந்தது. கேட்க வேண்டாம் என்றுதான் இருந்தாள். கேட்டுவிட்டாள்.

"அத்தனை பேரு கூப்பிட்டோமே கண்ணு. உனக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சு."

"நெருப்பு வருதுன்னு தெரியுமா?"

பிபார் தலையாட்டினாள்.

"அப்புறம் ஏன்டா வரல?"

பிள்ளை அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். சொல்லலாமா கூடாதா என்று யோசிக்கிற பார்வை. பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"புகை வந்ததும் பயமா இருந்துச்சு. வெளிய வந்துடலாம்னு எந்திரிச்சேன். அப்ப உன் குரல் கேட்டுச்சு. மறுபடி படுத்துக்கிட்டேன்."

பிலிபாங் அடுப்பில் இருந்த விறகை நகர்த்தினான். எரிகிற புல்லுக்குள் பட்ட பயம் எல்லாம் ஒன்றுமில்லை என்று ரங்ஜாலிக்குத் தோன்றிற்று. அங்கே எதிலிருந்து ஓட வேண்டும் என்றாவது தெரிந்திருந்தது. இங்கே அவள் பயந்தது தன்னைப் பார்த்து. இந்தப் பயத்துக்கு எந்தப் பக்கம் ஓடுவது?

பிபாருக்கு விக்கல் எடுத்தது. வழக்கம்போல, "ஏய் சான்ஸ்ரீ, தண்ணி கொண்டா!" என்று கத்த வாயைத் திறந்தாள் ரங்ஜாலி. பிள்ளையின் தோள் லேசாக உள்ளிழுத்துக்கொண்டதைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு, எழுந்து, தானே போய்க் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு வந்தாள்.